1,200 வீடுகளுக்கு ஒரே வழி

வாசகர் கேள்வி: காட்பாடிப் பக்கம் ஏரிக்குக் கீழே இருக்கும் ஒரு நகரில் 2004-ல் வீடு கட்டிக் குடிவந்தோம். அப்போது 400 வீடுகள்தான் இருந்தன. இன்று 1,200 ஆகிவிட்டது. மாடி மேல் மாடி எழுப்பி வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். மெயின் ரோட்டுக்குப் போக அன்றும் இன்றும் ஒரே தெருதான். காலை எட்டரை மணிக்கு அந்தத் தெருமுனையைத் தாண்டவே இருபது நிமிடம் ஆகிறது. 2021 நவம்பரில் ஏரி கோடி போய், அதாவது நிரம்பி வழிந்து, தண்ணீர் எங்கள் வாசற்படி வரை வந்தது. என் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். நடுராத்திரியில் எல்லோரும் கிளம்ப வேண்டிய நிலை வந்தால் எப்படிப் போவோம்? தெருவை அகலப்படுத்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அது போதுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி

அம்மா, வணக்கம்.

மனுவை எழுதுங்கள். ஆனால் அகலம் போதாது. அந்த மனுவில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அகலம் இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். நீங்கள் ஆசிரியை, கணக்கைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டீர்கள்.

போக்குவரத்துத் திட்டமிடலில் எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றித்தான் எண்ணுவோம். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1990-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இருசக்கர வண்டிகள் நிறைய ஓடும் ஊரில் ஒரு பைக்கை முக்கால் கார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதே வழிகாட்டுதல், இருபுறமும் வீட்டு வாசல்களும் ஓரத்தில் நிறுத்திய வண்டிகளும் உள்ள இரண்டு வழித் தெரு ஒன்று, போக வர இரண்டு திசைக்கும் சேர்த்து, மணிக்கு 900 கார் அளவைத் தாங்கும் என்கிறது. ஒரு திசைக்கு 450. உங்கள் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இதுவே தாராளமான கணக்குதான்.

இப்போது 2004-க்குப் போவோம். 400 வீடுகளில் 250 பைக்கும் 20 காரும் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 208 கார் அளவு. ஊரே கிளம்பினாலும் அரை மணிக்குள் தெரு காலியாகிவிடும். இன்று 1,200 வீடுகள். வீட்டுக்கு ஒரு பைக், மூன்று வீட்டுக்கு ஒரு கார். 900-ம் 400-ம் சேர்த்தால் 1,300. அதை 450-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வீடு மூன்று மடங்குதான் கூடியது. வெளியே போக ஆகும் நேரம் ஆறு மடங்கு கூடிவிட்டது. ஆள் பெருகுவது ஒரு வேகத்தில், வண்டி பெருகுவது இன்னொரு வேகத்தில். தெரு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, உள்ளே வரும் வண்டிகளை நிறுத்திவிட்டு முழுத் தெருவையும் வெளியே போகிறவர்களுக்கே விட்டால்? அப்போதும் ஒன்றரை மணி நேரம் ஆகும். மெயின் ரோடு உங்களை உடனே ஏற்றுக்கொண்டால்தான் அதுவும். அதே நேரத்தில் பக்கத்து நகர்களும் அதே ரோட்டில்தான் வந்து சேரும். தெருவை அகலமாக்கினால் நெரிசல் தெருமுனைக்கு நகரும், தெருமுனையை அகலமாக்கினால் அடுத்த ரவுண்டானாவுக்கு நகரும். பானை எத்தனை பெரிதானாலும் தண்ணீர் ஊற்றுவது வாயின் அகலத்தைப் பொறுத்துத்தானே?

காட்பாடிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2022-ல் ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது என்ன பாடு பட்டோம்? ஒரு பாலம் இல்லாமல் போனதும் வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் இருக்கும் தூரமே மாறிப்போனது. பாலாற்றுப் பாலம், ரயில்வே பாலம் என்று நம் ஊரின் உயிர்நாடி இரண்டு மூன்று கண்ணிகளில் தொங்குகிறது. 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் சேதம் கண்டதும் சென்னை வழித்தடத்தில் ரயில்களை ரத்து செய்தார்கள். வெள்ளக் காலத்தில் முதலில் கைவிடுவது பாலம்தான். ஆகவே எந்தத் திட்டத்தையும் "பாலத்தைத் தாண்டிப் போய்விடலாம்" என்று தொடங்காதீர்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடந்து போனால் எவ்வளவு நேரம்? ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு ஒருவர் தாராளமாகக் கடக்கலாம். உங்கள் தெரு ஐந்து மீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்து பேர். வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 4,800 பேர் 16 நிமிடத்தில் அந்த முனையைக் கடந்துவிடலாம். முதியவர்கள், கைக்குழந்தைகள், மழை, இருட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 32 நிமிடம். வண்டியில் மூன்று மணி நேரம், காலில் அரை மணி நேரம். அதே தெரு, அதே ஜனம்.

வெளியேற்றம் என்றதும் நம் மனதில் வருவது வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்கோ சென்னைக்கோ கிளம்புவது. ஏரி வெள்ளத்துக்கு அது தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது பத்தடி உயரம்தான், நூறு கிலோமீட்டர் தூரம் இல்லை. அந்தப் பத்தடி உயரம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. மாடி மேல் மாடியாகக் கட்டிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நெரிசலைக் கொண்டுவந்த அதே மாடிகள்தான் தண்ணீர் வரும் இரவில் உங்கள் புகலிடம். 2004-ல் உங்கள் நகரில் இத்தனை மாடிகள் இருந்திருக்காது.

ஆனால் எந்த மாடியும் சரி என்று போய் ஏறிவிடக் கூடாது. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நாள்கணக்காக மழையில் ஊறிய பழைய சுவர் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கான்கிரீட் தூண் போட்டுக் கட்டிய, விரிசல் இல்லாத, வாய்க்காலை ஒட்டி நிற்காத வீடுகள் எவை என்று வெயில் காலத்திலேயே ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டிக் குறித்து வையுங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, இரவில் கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் போன்றவர்கள் கடைசியில் கிளம்பக் கூடாது, எல்லோருக்கும் முன்னால் கிளம்ப வேண்டும். ஊருக்கு எச்சரிக்கை வந்த பிறகு என்றால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்து போகும் கலங்கலுக்கு ஓர் அடி கீழே தண்ணீர் வந்ததும், மழை நின்றிருந்தாலும் சரி, பகல் வெளிச்சத்திலேயே அவரை மாடி வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். கை வைத்த உறுதியான நாற்காலி ஒன்று, நான்கு ஆண்கள், ஐந்து நிமிடம் போதும். மருந்துச் சீட்டு, ஒரு வார மாத்திரை, ஆதார் நகல், டார்ச் எல்லாம் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியிருந்தால் அதற்கொரு பிளாஸ்கும் சேர்த்து வையுங்கள். ஏரி கோடி போகவில்லை என்றால் மறுநாள் திரும்பி வந்துவிடுவீர்கள். அதற்காக யாரும் சிரிக்கப் போவதில்லை. சிரித்தாலும் பரவாயில்லை.

உங்கள் தெருக்களில் இப்படிப் படுக்கையில் இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எத்தனை பேர்? 1,200 வீடுகளில் நாற்பதோ ஐம்பதோ இருக்கலாம். அந்தப் பட்டியல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. நாற்பது வருடம் வருகைப் பதிவேடு எடுத்த கை உங்களுடையது, உங்களால் ஒரு வாரத்தில் எழுதிவிட முடியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிச் செல்லும் நால்வரின் பெயரை எழுதுங்கள். இளைஞர்கள் வாடகை வீடு மாறிப் போய்விடுவார்கள், ஆகவே வருடத்துக்கு ஒரு முறை புரட்டாசி முடிவதற்குள் அதைத் திருத்த வேண்டும்.

வண்டி நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரீட்டா புயல் வருகிறது என்று 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஹூஸ்டன் பகுதியை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பெரும் பகுதியினரைக் கிளம்பச் சொல்லவே இல்லை. முந்தைய மாதம் கத்ரீனா புயலைப் பார்த்த பயத்தில் தாங்களாகவே காரை எடுத்தார்கள். எட்டு வழி, பத்து வழிச் சாலைகள் உள்ள நாடு அது. அங்கேயே நூறு மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. வெயிலில், பெட்ரோல் தீர்ந்து, ஒரு நாள் முழுக்க. முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிப்போன பேருந்து ஒன்று தீப்பற்றி 23 பேர் இறந்தார்கள். டெக்சாஸில் புயலால் இறந்தவர்களைவிட அந்த வெளியேற்றத்தில் இறந்தவர்களே அதிகம். கிளம்பத் தேவையில்லாதவர் கிளம்பினால், கிளம்பியே ஆக வேண்டியவரின் வழி அடைபடும். உங்கள் தெருவுக்கும் இதுதான் பொருந்தும். வண்டி எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது ஆம்புலன்சும் படகு ஏற்றிய லாரியும் உள்ளே வருவதற்காக.

2021-ல் பாலாற்றில் வெள்ளம் பார்க்க நானும் போனேன், மறைக்கவில்லை. எத்தனை வருடமாக மணலை மட்டுமே பார்த்த ஆறு. பாலத்தின் மேல் இருபுறமும் பைக்கை நிறுத்திவிட்டு ஜனம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு ஆம்புலன்ஸ் சைரனை அலறவிட்டபடி ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட நானே பத்து பைக்குகளை ஓரமாகத் தள்ளினேன். அன்றைக்கு அந்தப் பாலத்தை அடைத்தது வெள்ளம் இல்லை, நாம்தான். 1903 நவம்பரில் இதே பாலாறு வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் நினைவுத்தூண் இன்னும் அங்கே நிற்கிறது. வறண்டு கிடக்கும் ஆற்றைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு அந்தப் பயம் விட்டுப்போய்விட்டது.

மக்கள்தொகை என்று நாம் சொல்லும் எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மனு அதைத்தான் மேற்கோள் காட்டப் போகிறது. 2001-ல் வேலூர் நகருக்குள் ஏறத்தாழ 1.77 லட்சம் பேர். 2011-ல் அதே எல்லைக்குள் 1.86 லட்சம் பேர். பத்து வருடத்தில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. ஆனால் சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி எல்லாவற்றையும் சேர்த்த மொத்த நகர்ப்பரப்பின் மக்கள்தொகை 3.9 லட்சத்திலிருந்து 4.8 லட்சத்துக்குப் போனது. வளர்ச்சி முழுவதும் விளிம்பில், அதாவது முன்பு வயலாகவும் ஏரிப் பாசனமாகவும் இருந்த இடங்களில். அந்த விளிம்புக்கு மாட்டு வண்டித் தடத்தின் அகலத்தில்தான் சாலை இருந்தது. அப்புறம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய் 2027 என்று ஆகியிருக்கிறது. இன்றைய திட்டங்கள் பதினைந்து வருடப் பழைய எண்ணின் மேல் நிற்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் நகரை நீங்களே எண்ணுங்கள்.

எண்ணினாலும் நம் ஊரில் கணக்கில் வராத ஜனம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு விடுதிகளில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து தங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் துணைக்கு வந்தவர்கள். வண்டியும் இல்லை, தமிழும் தெரியாது, எந்தத் தெரு எங்கே போகும் என்றும் தெரியாது. வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கில். மக்கள்தொகைக் கணக்கு இரவில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்கிறது. ஆபத்தோ பகல் பன்னிரண்டு மணிக்கும் வரும். ஒலிபெருக்கி அறிவிப்பு தமிழில் மட்டும் இருந்தால் அந்த விடுதிகளில் யாருக்குப் புரியும்? கடைப் பலகையில் வங்காள மொழியில் எழுதத் தெரிந்த ஊர் எச்சரிக்கையையும் அந்த மொழியில் சொல்லலாம். உங்கள் நகரிலும் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள் இருப்பார்கள். அவர்களையும் பட்டியலில் சேருங்கள், பெரும்பாலும் அவர்கள்தான் வாய்க்கால் ஓரத்தில் கொட்டகை போட்டிருப்பார்கள்.

பகல் நேரம் என்றதும் பள்ளி நினைவுக்கு வருகிறது. வெள்ளச் செய்தி வந்ததும் பெற்றோர் எல்லோரும் பிள்ளையைக் கூட்டிவர ஓடுவார்கள், இது இயற்கை. ஆனால் வெளியே போக வேண்டிய நேரத்தில் ஊருக்குள் பாயும் வண்டிகளின் பெரும் பகுதி இதுதான். பள்ளி மேட்டில் இருந்தால், மாடி இருந்தால், பிள்ளைகள் அங்கேயே இருப்பதுதான் பாதுகாப்பு. எத்தனை மணி வரை வைத்திருப்பார்கள், எப்படித் தகவல் சொல்வார்கள் என்று பள்ளி நிர்வாகம் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டால் பாதி ஓட்டம் நின்றுவிடும். உங்கள் சொல்லுக்கு இந்த இடத்தில் மதிப்பு அதிகம், பழைய சகாக்களிடம் பேசுங்கள்.

இனி மனு. மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள், ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத் திட்டத்துக்குப் பொறுப்பு அவர் தலைமையிலான ஆணையம்தான். முதல் கோரிக்கையாக, பக்கத்து நகருக்கும் உங்கள் நகருக்கும் நடுவில் நிற்கும் மதில்களில் இரண்டு மீட்டர் திறப்பு கேளுங்கள். இங்கே ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனித் தீவாகப் போடப்பட்டது, தெருக்கள் முட்டுச்சந்தாக முடியும். அந்தச் சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு தெரு ஓடும். கார் போகத் தேவையில்லை, ஆளும் ஸ்ட்ரெச்சரும் போனால் போதும். திருட்டுப் பயம் என்று எதிர்ப்பார்கள். இரவில் பூட்டும் கதவு வைத்து, சாவியை இருபுறமும் இரண்டு வீடுகளில் கொடுக்கலாம். ஒரு தெருவை அகலப்படுத்த நில எடுப்பு, வழக்கு என்று பத்து வருடம் போகும். சுவரில் திறப்பு வைக்க ஒரு வாரம் போதும்.

அடுத்து, கலங்கலில் எல்லோருக்கும் தெரியும்படி அளவுக் கோல் வரைந்து, மழை நாள்களில் யார் பார்ப்பது என்று நீர்வளத் துறையிடம் முடிவு கேளுங்கள். உபரிநீர்க் கால்வாயின் மேல் எழும்பியிருக்கும் படிக்கட்டுகளையும் ஷெட்டுகளையும் பற்றி எழுதத் தயங்காதீர்கள். அதில் நம் அக்கம்பக்கத்தாரின் படிக்கட்டும் இருக்கும், மனக்கசப்பு வரும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ராணிப்பேட்டை, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது வெள்ளத்துக்கு மட்டும்தான். விஷவாயு என்றால் கதை வேறு. போபாலில் 1984 டிசம்பர் இரவில் வாயு போன திசையிலேயே ஓடியவர்கள் ஏராளம். கசிவு தெரிந்தால், வேறு உத்தரவு வரும்வரை வீட்டுக்குள் இருந்து சன்னல் கதவை அடைப்பதே பெரும்பாலும் நல்லது. வெளியேறச் சொன்னால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து விலக வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் நான் பார்த்த ஓர் ஆலையின் அவசரத் திட்டத்தில் தொழிலாளர் கூடும் இடம் அழகாகக் கட்டம் போட்டுக் குறித்திருந்தது. வருடத்தில் பாதி நாள் காற்று வாயுத் தொட்டியிலிருந்து நேரே அந்தக் கட்டத்துக்குத்தான் வீசும். காகிதத்தைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே போய் நின்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து, நடந்து பார்க்காத திட்டத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை 1070, ஆம்புலன்ஸ் 108. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது, அது நம் பகுதிக்குப் பெரிய பலம். ஆனாலும் அவர்கள் வந்து சேரும் வரையிலான மணி நேரங்கள் உங்கள் தெருவுடையவை. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே நின்ற ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி இருந்தால் காரையே தூக்கிப் போகும். தண்ணீர் தெருவில் ஓடத் தொடங்கிவிட்டால் யாரும் இறங்க வேண்டாம், இருக்கும் இடத்தில் மேலே ஏறுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூறு குடும்பங்களாவது சேர்ந்து ஓர் ஒத்திகை நடத்துங்கள். நாற்காலியில் உங்கள் கணவருக்குப் பதிலாக அவர் எடையுள்ள ஒருவரை உட்கார வைத்து மாடி ஏற்றிப் பாருங்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி இடிக்கும், எங்கே இடிக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். வீட்டு வாசலிலிருந்து மாடி வரை எத்தனை நிமிடம் ஆனது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து, தெரு வரைபடத்தோடு எனக்கு அனுப்புங்கள். அடுத்த மனுவை அந்த எண்களை வைத்துச் சேர்ந்து எழுதுவோம்.